இடது லேன் காலியாகத்தான் இருந்தது

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் ஒரு மூலையில் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு நாலு நாள் முணுமுணுக்கிறவர்கள் ஒரு ரகம். கட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்கு வந்து உட்கார்ந்து, சீட்டு எழுதின போலீஸ்காரர் மட்டும் வராமல் போய்விட வேண்டும் என்று கடவுளை நச்சரிக்கிறவர்கள் இன்னொரு ரகம். போலீஸ் வராவிட்டால் கேஸ் தள்ளுபடி, வீட்டுக்குப் போகலாம். வெண்டல் ஓபர்மன் இந்த இரண்டிலும் சேரவில்லை. போலீஸ் கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோர்ட் படியேறிய மனுஷன் அந்தக் கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அவர் செய்த குற்றம் இதுதான். ரோட்டோரத்தில் விளக்கைச் சுழலவிட்டபடி போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ நின்றால், அடுத்த லேனுக்கு விலகிப் போக வேண்டும். விலக முடியாத நெரிசலென்றால்தான் அதே லேனில் மெதுவாகக் கடக்கலாம். லாரி ஓட்டியே தலை நரைத்த வெண்டலுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் பட்டப்பகலில், இடது லேன் ஈ காக்கை இல்லாமல் காலியாகக் கிடக்கும்போது, வலது லேனிலேயே ஊர்ந்து போய், அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு டெபுடியின் முதுகை உரசாத குறையாகக் கடந்திருக்கிறார்.

அந்த முதுகு அவருடைய மகளுடையது. பெயர் லியான். ஒரே பிள்ளை. பக்கத்துக் கவுண்டியில் ஷெரீஃபின் கீழே டெபுடி, அதாவது நம் ஊர்ப் பேச்சில் போலீஸ். அப்பாவோடு பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது.

என்ன சண்டை என்று கேட்டால் வெண்டலுக்கே வெட்கமாக இருக்கும். லாரி ஓட்டிய காலத்தில் ஒரு பனிக்காலை அவருக்கு முன்னால் போன வண்டி, ரோட்டோரம் நின்ற ஒரு போலீஸ்காரரை அடித்துப் போட்டது. வெண்டல்தான் இறங்கி ஓடினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தார். வருஷங்கள் கழித்து, மனைவியைப் புதைத்த மண்கூட இன்னும் காயாத நேரத்தில், மகள் வந்து அதே வேலைக்குப் போகிறேன் என்றாள். அவர் பயந்துவிட்டார். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். இந்த மனுஷனுக்குத்தான் பயம் வந்தால் அது வாயில் கோபமாக வருமே.

பதவி ஏற்கிற நாளன்று நெஞ்சில் போலீஸ் நட்சத்திர வில்லையைக் குத்திவிடுவது குடும்பத்து ஆள்தான். அம்மாவோ அப்பாவோ புருஷனோ, யாராவது ஒருவர் மேடையேறிக் குத்திவிடுவார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள். லியான் அப்பாவைக் கூப்பிட்டாள். "உன் சவப்பெட்டிக்கு நான் ஆணி அடிக்க மாட்டேன்" என்றுவிட்டார் வெண்டல். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அன்று காலை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய், மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு அதிகாரி குத்திவிட்ட நட்சத்திரத்தோடு லியான் வெளியே வந்து அவரைப் பார்த்தாள். வராமலே இருந்திருந்தாலாவது மன்னித்திருப்பாள். வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராத அப்பாவை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் போன் அடித்தால் எடுப்பதில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை போட்டால் பதில் இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ப்ரூயிட் என்று பெயர் மாறியதையே வெண்டல் காலைச் சாப்பாட்டுக் கடையில் யாரோ பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவர் தட்டிலிருந்த முட்டை அப்படியே ஆறிப்போனது.

அவள் பெரும்பாலும் அந்த நெடுஞ்சாலையில்தான் ரோந்து போகிறாள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து, மனுஷன் கோழித் தீவனம் வாங்கப் பக்கத்துக் கவுண்டிக்குப் போக ஆரம்பித்தார். சொந்த ஊரில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தீவனக் கடை இருக்கிறது. வளர்ப்பதோ ஏழெட்டுக் கோழி. தூரத்தில் நீலமும் சிவப்புமாக விளக்குத் தெரிந்தால் வேகத்தைக் குறைப்பார். கிட்டப் போனால் வேறு யாராவது நிற்பார்கள். மரியாதையாக இடது லேனுக்கு விலகிப் போய், தீவன மூட்டையோடு வீடு திரும்புவார். இப்படியே இரண்டு குளிர்காலம் போனது.

மார்ச்சில் ஒரு நாள் அவள் நின்றாள். ஒரு பழைய வேன் ஓரங்கட்டியிருந்தது. அதன் டிரைவர் ஜன்னலோரம், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டெபுடி குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு இன்னொரு காலைத் தளர்த்தி நிற்கிற அந்த நிற்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மா அடுப்படியில் அப்படித்தான் நிற்பாள். வெண்டல் தன் நீல பிக்கப் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். இடது லேனுக்குப் போனால் அவள் தூரமாகிவிடுவாள். அந்த ஒரு லேன் தூரத்தைக்கூட அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டு, ஊர்ந்து, அவள் பக்கம் சாய்ந்து சாய்ந்து போனார். வேனின் கண்ணாடியில் அவள் முகம் ஒரு நொடி தெரிந்தது. அவள் தன்னைப் பார்த்தாள் என்று பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்வார். "லியான்" என்று வாய்விட்டுச் சொன்னார். அதற்குள் கடந்துவிட்டது.

கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு போலீஸ் வண்டி காத்திருந்தது. அந்த வாரம் அப்படித்தான் ஜோடி போட்டு நின்றிருந்தார்கள். பின்னால் நிற்பவர் ரேடியோவில் சொல்ல, முன்னால் இருப்பவர் மடக்குவார். ஸ்டிங்லி என்ற டெபுடி மரியாதையாகக் குனிந்து, பின்னால் நிற்கிற டெபுடியை ரொம்ப ஒட்டி வந்துவிட்டீர்கள், நீல பிக்கப்பை நிறுத்தச் சொன்னதே அவர்தான் என்றார். "அவங்களேவா சொன்னாங்க?" என்று வெண்டல் கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டார். ஸ்டிங்லி அவரை ஊதச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. வெண்டலின் கணக்கு வேறு. பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். திட்டுவதற்காவது அப்பாவை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று வீடுவரை அந்தச் சீட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்.

கேஸை எதிர்த்து நின்றால் எழுதினவர், பார்த்தவர் இரண்டு பேரும் கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்று விளக்கியது ராய்ஸ். முடிதிருத்தும் கடையை மூடிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக் கடையில் பாதி நாளை ஓட்டுகிற சிநேகிதன். வாழ்நாள் முழுக்கச் சீட்டு வாங்கிப் பழகினவன் என்பதால் பாதி வக்கீல். வக்கீல் வைக்காதவன் சாட்சியைத் தானே கேள்வி கேட்கலாம் என்றும் அவன்தான் சொன்னான். அதைக் கேட்டதும் வெண்டல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தான் கேட்டால் அவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். போனை எடுக்காமல் விடுகிற மாதிரி அங்கே விட முடியாது.

கோர்ட் நாளன்று ராய்ஸும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு துணைக்கு வந்தான். உள்ளே போவதற்கு முன்பே தாழ்வாரத்தில் அரசு வக்கீல், கை நிறையக் கோப்புகளோடு ஒரு இளம்பெண், வெண்டலைத் தனியாகக் கூப்பிட்டாள். இத்தனை வருஷம் சுத்தமாக ஓட்டியிருக்கிறீர்கள், குற்றத்தைச் சின்னதாக மாற்றிவிடுகிறேன், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சாட்சி வருவாரா என்று கேட்டார் வெண்டல். நீங்கள் ஒத்துக்கொண்டால் சாட்சியே தேவையில்லையே என்றாள் அவள். அப்படியென்றால் வேண்டாம் என்றுவிட்டார்.

ராய்ஸ் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அந்தப் பொண்ணு தட்டுல வெச்சு நீட்டுது, நீ தட்டி விடுற."

"நீ சும்மா இரு ராய்ஸ்."

உள்ளே தேவாலயத்தில் போடுகிற மாதிரி மர பெஞ்சுகள். முதல் கேஸிலேயே போலீஸ் வரவில்லை. தள்ளுபடி. சீட்டு வாங்கின பெண் வாயெல்லாம் பல்லாக வெளியே போனாள். பார் பார் என்று ராய்ஸ் இடித்தான். வெண்டல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வந்தது ஸ்டிங்லி மட்டும்தான். அரசு வக்கீல் உதட்டைப் பிதுக்கினாள். டெபுடி ப்ரூயிட்டுக்கு இன்று விடுமுறை, வரவில்லை, அவர் இல்லாமல் கேஸை நிரூபிக்க முடியாது, தள்ளுபடி செய்தால் ஆட்சேபம் இல்லை என்றாள். நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் காத்திருந்து பாக்கலாமா?" என்று வெண்டல் எழுந்தார்.

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் ரொம்ப வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். "உங்களுக்குப் புரியுதா? நான் இப்ப உங்களை விட்டுடப் போறேன்."

"புரியுது ஐயா. விட வேண்டாம்."

பின்பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. பட்டியலின் கடைசியில் வைக்கிறேன், அதற்குள் வந்தால் சரி என்றார்.

காத்திருந்தார்கள். ஒவ்வொரு கேஸாக முடிந்து பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் வெண்டல் திரும்பினார். யாருக்காக இந்த வேண்டாத வேலை என்று ராய்ஸ் காதைக் கடித்தான். அந்த டெபுடி லியான்தான் என்றார் வெண்டல். ராய்ஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தான். லியான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுக்கு முன்முடி வெட்டிவிட்டது அவன்தான்.

கடைசிக் கேஸுக்கு முந்தினது நடக்கும்போது அவள் வந்தாள். சீருடை இல்லை. ஜீன்ஸ், சாம்பல் நிறச் சட்டை, முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். இளைத்திருந்தாள், அல்லது அப்பா கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. அவர் பக்கம் திரும்பாமல் அரசு வக்கீலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். எழுந்து போய் அந்தத் தோளைத் தொட வேண்டும் போல வெண்டலுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்ததும் அவள் முதலில் சொன்னது இதைத்தான். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும் ஐயா. வண்டி ஓட்டினவர் என் அப்பா."

அரசு வக்கீலின் கையிலிருந்த கோப்பு சரிந்தது. உண்மையைச் சொல்ல அது தடையாக இருக்குமா என்று நீதிபதி கேட்டார். இருக்காது என்றாள் லியான். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று வெண்டலைக் கேட்டார். இல்லை என்று வெண்டல் தலையாட்டினார். அவர் காதில் இன்னும் அந்த 'என் அப்பா'தான் ஓடிக்கொண்டிருந்தது.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் லியான் சுருக்கமாகப் பதில் சொன்னாள். விளக்குச் சுழன்றுகொண்டிருந்தது. இடது லேன் காலியாக இருந்தது. நீல பிக்கப் விலகவில்லை. பிறகு வெண்டலின் முறை வந்தது. ராய்ஸ் சொல்லிக்கொடுத்த கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. சொந்த மகளை நீங்க வாங்க என்று கூப்பிட வேண்டியிருந்ததே, அதுவே நாக்கில் புரளவில்லை.

"டெபுடி ப்ரூயிட், அன்னிக்கு நீங்க வேனுக்கு ரோட்டுப் பக்கம் நின்னீங்க."

"ஆமா சார்."

"அந்தப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா நின்னிருக்கலாமே?"

"முந்தின ராத்திரி மழை. அங்க கால் வெக்க முடியல சார்."

"எல்லாத்தையும் விட காலு சேறாகறதா பெருசு? வேனைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கலாம்ல? தூரத்துலேர்ந்து தெரியற மாதிரி மஞ்சச் சட்டையாவது போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் சார்."

"மிஸ்டர் ஓபர்மன்," என்றார் நீதிபதி, "சாட்சியை விசாரிக்கறீங்களா, அதட்டறீங்களா?"

வெண்டல் மன்னிப்புக் கேட்டார். லியானின் வாயோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அது சிரிப்பென்றே அவர் எடுத்துக்கொண்டார். துணிச்சல் வந்தது. இத்தனை நாளும் தூக்கத்தில்கூட வைத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"நான் உங்களைக் கடந்து போனப்ப, வேன் கண்ணாடியில நீங்க என்னைப் பாத்தீங்க. இல்லையா?"

"இல்ல சார்."

"பாத்தீங்க. நான்தான் பாத்தேனே."

"நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

வெண்டலுக்கு முதலில் புரியவில்லை. ஏன் என்று கேட்டார். லியான் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வேகமா வர வண்டின்னா சத்தம் வந்த மாதிரியே போயிடும். அது பழக்கம். இது மெதுவா வந்துது. என் பக்கமே சாஞ்சு சாஞ்சு வந்துது. ஓட்டறவர் தூங்கிட்டாரா, இல்ல வேணும்னே என் மேல ஏத்த வராரான்னு தெரியல. ஓடவும் இடமில்ல. வேன் கூரையைப் புடிச்சுக்கிட்டேன். வண்டியோட பக்கக் கண்ணாடி என் சட்டையில உரசிச்சு. அவ்வளவுதான்னு நினைச்சேன். எங்கப்பா சொன்ன மாதிரியே ஆகப்போகுதுன்னு நினைச்சேன்."

வெண்டல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த வண்டி அவளை அடித்துவிடுமோ என்று ஆறு வருஷமாகத் தூக்கம் கெட்டாரோ, அந்த வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் ஆசை ஆசையாக. அவள் பார்த்தாள், பார்த்தாள் என்று மார்ச்சிலிருந்து கொண்டாடிக்கொண்டிருந்தாரே, அந்த நேரத்தில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்திருக்கிறாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

"வேற கேள்வி இருக்கா?" என்றார் நீதிபதி.

"இல்ல ஐயா. தப்பு என்னோடதுதான். இடது லேன் காலியாத்தான் இருந்துது. நான் போயிருக்கலாம். இவ முகத்தைப் பாக்கணும்னு இருந்துது, அதனால போகல. என்ன தண்டனைன்னாலும் குடுங்க."

நீதிபதி அபராதத்தைச் சொன்னார். பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்று ஒரு வகுப்பு, அதிலும் போய் உட்கார வேண்டும் என்றார். குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது. முப்பது வருஷம் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டின மனுஷன் எல்லாவற்றுக்கும் சரி ஐயா, சரி ஐயா என்றார். சாட்சி இறங்கலாம் என்றார் நீதிபதி. லியான் எழுந்தாள்.

அவள் எழுந்ததைப் பார்த்ததும் வெண்டலுக்குப் பதறிவிட்டது. இந்தக் கூண்டை விட்டு இறங்கினால் அவ்வளவுதான். அப்புறம் எந்தச் சட்டமும் அவளை அவருக்குப் பதில் சொல்ல வைக்காது.

"லியான், என்னிக்காவது ஒரு நாள் வீட்டுக்கு வருவியா?"

"மிஸ்டர் ஓபர்மன்," என்று நீதிபதி கையை உயர்த்தினார். பிறகு லியானிடம் திரும்பினார். "இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல டெபுடி. கேஸ் முடிஞ்சுது."

"தெரியும் ஐயா," என்றாள் அவள். கூண்டின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அதில் கோபமும் இருந்தது. போகட்டும் என்று அவ்வளவு சுலபத்தில் விடக்கூடிய கோபமும் இல்லை அது.

"இப்ப வேண்டாம்ப்பா," என்றாள்.

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். பேசுவதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்த எழுத்தரிடம், கடைசியில் கேட்ட கேள்வியும் பதிலும் கேஸுக்குச் சம்பந்தமில்லாதவை, அவற்றைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார்.

"ஐயா," என்றார் வெண்டல். "அபராதம் கட்டறேன். வகுப்புக்குப் போறேன். நீங்க சொன்ன எதுக்கும் நான் எதிர்த்துப் பேசல. அதை மட்டும் எடுத்துடாதீங்க."

நீதிபதி லியானைப் பார்த்தார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் ஐயா," என்றாள்.